கரும்பைத் தின்னும் மூன்றாமவன்

கரும்பைப் பயிரிடுகிறவன் ஒருவன். அதை அரைத்துச் சர்க்கரையாக்குகிறவன் மற்றொருவன். இவ்விருவருக்கும் இடையே விலையைப் பற்றியும், எடையைப் பற்றியும், நிலுவைத் தொகையைப் பற்றியும் நடந்து வரும் வழக்கை நம் நேயர்கள் நன்கறிவார்கள். அவ்வழக்கில் நாம் எந்தக் கட்சியைச் சார்ந்து நின்றிருக்கிறோம் என்பதும் அவர்களுக்குப் புதிதன்று. ஆயினும் அவ்வழக்கில் இன்றளவும் பெயர் குறிக்கப்படாத பிரதிவாதி ஒருவன் உண்டு. வயலிலும் அவன் இருக்கிறான், வண்டியிலும் இருக்கிறான், ஆலையின் உருளைகளுக்கு நடுவிலும் இருக்கிறான். கண்ணுக்குப் புலப்படாதவனாகையால் அவன்மீது எவரும் குற்றஞ்சாட்டுவதில்லை. அவன் தின்றதற்கு விவசாயி ஆலையையும், ஆலை விவசாயியையும் மாறிமாறிப் பழித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்று அந்த மூன்றாமவனைப் பற்றியே எழுத எண்ணுகிறோம்.

சென்ற அரவைக் காலத்தில் ஓர் ஆலையின் வாசலில் நாம் சில மணி நேரம் நின்றிருந்தோம். எந்த ஆலை என்பது இங்கு வேண்டுவதில்லை. எல்லா ஜில்லாக்களிலும் காட்சி ஏறக்குறைய ஒன்றேயாம். எடைமேடைக்கு முன்னால் லாரிகளும் டிராக்டர்களும் நீண்ட வரிசையில் நின்றன. வெயில் கடுமையாக இருந்தது. "முந்தாநாள் காலையில் வெட்டினது, ஐயா, இன்னும் எடை போடவில்லை" என்றார் ஒரு முதியவர். கழியொன்றை உருவி, வெட்டுவாயை முகர்ந்து பார்க்கும்படி நம்மிடம் நீட்டினார். புளித்த வாடை வீசிற்று. விரலால் தொட்டுப் பார்த்தோம். சற்றே வழவழவென்று ஒட்டியது. அந்த வழவழப்புத்தான் நாம் சொல்ல வந்த விஷயம். அது வெறும் அழுகல் அன்று. ஒரு நுண்ணுயிர் கரும்பின் சர்க்கரையை எடுத்துத் தன் கையால் கட்டிய கோந்து அது. ரஸாயன சாஸ்திரத்தில் அதற்கு டெக்ஸ்ட்ரான் என்று பெயர்.

சர்க்கரைகளை மணிகளாகக் கோத்து நீண்ட சங்கிலியாக்கினால் கிடைப்பதைப் பாலிஸாக்கரைடு என்பர். அரிசியிலுள்ள மாவுப் பொருளும், பருத்தியின் நாரும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. மணி ஒன்றேயாயினும் கோக்கும் விதம் மாறினால் பொருள் மாறிவிடும். ஒன்று சோறாகிறது, மற்றொன்று வேஷ்டியாகிறது. செடிகள் செய்யும் இத்தொழிலைக் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களும் செய்கின்றன. தம்மைச் சுற்றி ஒரு போர்வை போர்த்துக்கொள்ளவும், பற்றிய இடத்தை விடாமல் ஒட்டிக்கொள்ளவும், காய்ந்து போகாமல் ஈரத்தைப் பிடித்து வைக்கவும் அவை இக்கோந்தைச் சுரக்கின்றன. இனிப்புத் தின்ற வாயில் பல்லின்மேல் படியும் பிசுக்கில் ஒரு பகுதியும் இத்தகையதே. அது வேறொரு கிருமியின் கைவேலை.

நம் பிரதிவாதியின் பெயர் லியூக்கோனாஸ்டாக் மெஸென்டிராய்டஸ். பெயர் நாவில் புரளாது; ஆனால் அவனோ நமக்கு அந்நியன் அல்லன். இட்லிக்கு அரைத்த மாவை இரவெல்லாம் வைத்திருந்து காலையில் மூடியைத் திறந்தால் அது பொங்கி நிற்பதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவன் இவனே. ரொட்டியைப்போல் ஈஸ்ட் போட்டுப் பொங்க வைப்பதல்ல நம் இட்லி; இப்பாக்டீரியா விடும் வாயுவே மாவைத் தூக்குகிறது என்று 1965-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாயிற்று. அவ்வாராய்ச்சி நடந்த இடம் தஞ்சாவூரும் அன்று, மைசூரும் அன்று. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஜெனீவா என்னும் ஊரிலுள்ள விவசாய ஆராய்ச்சி நிலையம். நம் பாட்டிமார்கள் நூற்றாண்டுகளாகப் பானையில் வளர்த்த உயிருக்கு அங்கேதான் சாட்சி எடுக்க வேண்டியிருந்தது! மாவில் அவனுக்குக் கிடைப்பது சொற்பச் சர்க்கரையே. ஆதலால் அங்கே அவன் கோந்து கட்டுவதில் முனைவதில்லை. மாவின் கொழகொழப்பு உளுந்தின் சொந்தச் சரக்கு. ஆனால் கரும்பின் வெட்டுவாயில் சர்க்கரைக் கடலே அவன் முன் திறந்து கிடக்கிறது.

அவன் தொழில் செய்யும் முறை மிகவும் நூதனமானது. சர்க்கரையை உடலுக்குள் இழுத்து வேலை செய்வதில்லை. டெக்ஸ்ட்ரான் ஸுக்ரேஸ் என்ற என்ஸைம் ஒன்றை வெளியே அனுப்புகிறான். கரும்புச் சர்க்கரை என்பது குளுக்கோஸ், பிரக்டோஸ் என்னும் இரண்டு சிறு சர்க்கரைகள் கைகோத்து நிற்பதாம். அவ்வென்ஸைம் அந்தக் கையைப் பிரிக்கிறது; குளுக்கோஸை மட்டும் சங்கிலியில் கோத்துக்கொண்டு பிரக்டோஸை விட்டுவிடுகிறது. கை பிரியும்போது வெளிப்படும் சக்தியே அடுத்த மணியைக் கோக்கக் கூலியாகிறது. இவ்வாறு கட்டும் சங்கிலி லட்சக்கணக்கான மணிகள் உள்ளதாகவும் நீளக்கூடும். நீரில் கரைந்தால் பாகு தடித்துவிடும்.

ஐரோப்பாவில் பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுத்த ஆலைக்காரர்கள் இத்தொல்லையை நம்மைவிட முன்னரே கண்டனர். சாற்றுத் தொட்டிகளில் தவளை முட்டை போலக் குவியல் குவியலாய் ஏதோ மிதக்கும், குழாய்கள் அடைபடும். சரக்குக் கெட்டுவிட்டதென்று சபித்துக்கொண்டு அள்ளிக் கொட்டினார்கள். இது உயிரின் வேலை என்பதை லூயி பாஸ்டர் 1861-இல் எடுத்துக் காட்டினார். 1874-இல் ஷைப்ளர் என்ற ஜெர்மானிய ரஸாயனி இக்கோந்துக்கு டெக்ஸ்ட்ரான் என்று பெயரிட்டார். 1878-இல் வான் டீகெம் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கிருமிக்கே பெயர் சூட்டினார். கேட்டைக் கண்டவுடன் கொட்டிக் கழுவாமல் அதன் குலமும் கோத்திரமும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இனி ஆலைக்கு வருவோம். இக்கோந்து அங்கே செய்யும் கெடுதல்கள் பல. சாறு வடிகட்டியில் இறங்க மறுக்கும். பாகு கொதிக்க அதிக நேரமும் அதிக எரிபொருளும் வேண்டும். சர்க்கரைப் படிகங்கள் கட்டைகட்டையாகத் திரளாமல் ஊசிபோல் நீண்டுவிடும். அவற்றிலிருந்து கழிவுப்பாகு எளிதில் பிரியாது. ஆனால் வக்கீல் தொழிலில் பல வருஷம் கழித்த நமக்கு இவை எல்லாவற்றையும்விட வியப்பாகத் தோன்றுவது அவன் பொய்ச்சாட்சி சொல்லும் திறமையே.

சாற்றில் எவ்வளவு சர்க்கரை உண்டென்பதை ஆலைகள் போலாரிமீட்டர் என்னும் கருவியால் அளக்கின்றன. ஒழுங்குபடுத்திய ஒளிக்கதிர் ஒன்றைச் சாற்றின் வழியே செலுத்தினால் சர்க்கரை அதை வலப்புறமாகத் திருப்பும். எவ்வளவு திருப்பிற்றோ அவ்வளவு சர்க்கரை என்பது கணக்கு. டெக்ஸ்ட்ரானும் வலப்புறமாகவே திருப்புகிறது. அதுவும் சர்க்கரை திருப்புவதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே சர்க்கரையைத் தின்றுவிட்டு அவ்விடத்தில் கோந்தை வைத்தவன், கருவியின் முன்னால் நின்று, "சர்க்கரை இங்கேயே இருக்கிறது, முன்னிலும் அதிகமாகவே இருக்கிறது" என்று சத்தியம் செய்கிறான். பரிசோதனைச் சாலையின் ஏடு அதை நம்பி எழுதிக்கொள்கிறது. கடைசியில் மூட்டையை எண்ணும்போது சர்க்கரை இல்லை. அவ்வித்தியாசத்தை எங்கே எழுதுவது? "காரணம் தெரியாத நஷ்டம்" என்று ஒரு பத்தி சர்க்கரை ஆலைக் கணக்கில் உண்டு. அதில் விழுவனவற்றுள் இதுவும் ஒன்று. காரணம் தெரிந்த நஷ்டத்தைக் காரணம் தெரியாததென்று எழுதி வைப்பது எந்த நீதிமன்றத்திலும் செல்லாத வாதமாகும்.

இந்நஷ்டம் யார் தலையில் விழுகிறது? மத்திய சர்க்கார் ஒவ்வொரு பருவத்துக்கும் கரும்புக்கு நியாயமான, ஆதாயமான விலையென்று ஒன்றை அறிவிக்கின்றனர். 2024-25 பருவத்தில் அது குவிண்டாலுக்கு 340 ரூபாய். அவ்விலை 10.25 சதவிகிதம் பிழிதிறனுக்கு உரியது. அதாவது நூறு கிலோ கரும்பிலிருந்து 10.25 கிலோ சர்க்கரை ஆலைக்குக் கிடைத்தால் அவ்விலை. பிழிதிறன் 0.1 ஏறினால் 3 ரூபாய் 32 காசு கூடும். இறங்கினால் அதே அளவு குறையும். டன் கணக்கில் பார்த்தால் ஒவ்வொரு படிக்கும் 33 ரூபாய் 20 காசு. 9.5 சதவிகிதமோ அதற்கும் கீழோ போனால் குவிண்டாலுக்கு 315 ரூபாய் 10 காசு என்று ஒரு தரை போடப்பட்டிருந்தது. இதில் கவனிக்க வேண்டியது யாதெனில், பிழிதிறன் என்பது தனியொரு விவசாயியின் கரும்புக்குக் கணக்கிடப்படுவதன்று. ஆலை முழுவதற்குமான சராசரி. ஒருவன் விடியற்காலையில் வெட்டி மாலைக்குள் கொண்டுவந்து சேர்த்தாலும், வரிசையில் மூன்று நாள் புளித்த அடுத்தவன் கரும்போடு அவன் சாறும் ஒரே தொட்டியில்தான் கலக்கிறது. புளித்த சாற்றிலுள்ள என்ஸைம் நல்ல சாற்றிலும் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

தமிழ்நாட்டு ஆலைகள் பெரும்பாலும் அத்தரையையொட்டியே நிற்பவை. ஆகையால் பிழிதிறன் இன்னும் இறங்கினாலும் நம் விவசாயிக்கு விலை குறையாதே என்று சிலர் கூறலாம். சட்டப்படி அது சரியே. ஆனால் தரையில் நிற்கிறவனுக்கு விழுவதற்கு இடமில்லை என்பதைச் சொல்லி, ஏறுவதற்கு ஏணியை எடுத்துவிட்டதை மறைக்கலாகாது. அன்றியும் வெயிலில் காயும் கரும்பு நாளுக்கு நாள் எடை குறைகிறது. எடை போடுவதோ காத்திருந்த பிறகு. அந்தக் குறைவு விவசாயியையே சேருகிறது. ஆலைக்கு நேர்ந்த சர்க்கரை நஷ்டமும் வேறொரு வேஷத்தில் அவனிடமே திரும்பி வருகிறது. அதன் பெயர் நிலுவைத் தொகை.

நம் நாட்டில் கரும்பைப் பற்றிய அறிவு குறைவு என்று எவரும் கூற முடியாது. கோயம்புத்தூரில் கரும்பு இன ஆராய்ச்சி நிலையம் 1912-இல் ஏற்பட்டது. காட்டுக் கரும்பையும் நாட்டுக் கரும்பையும் கலந்து அங்கே பிறந்த கோ 205 என்னும் இனம் 1918-இல் வயலுக்கு வந்தது. அதன் பின்னோர்கள் பல தேசங்களின் கரும்பு வயல்களில் ரத்த உறவு கொண்டாடுகிறார்கள். நம் ஜில்லாக்களில் நெடுங்காலமாக நிலைத்து நிற்கும் கோ 86032-உம் அந்நிலையத்தின் செல்வமே. தலைமுறைக் கணக்கில் உழைத்துக் கரும்புக்குள் ஏற்றிய இனிப்பை மூன்று நாள் வெயிலில் ஒரு கிருமிக்குப் பந்தி வைத்துவிடுகிறோம்.

இதே கிருமியைப் பிறர் எவ்விதம் நடத்தினார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது மகாயுத்த காலத்தில் ஸ்வீடன் தேசத்து உப்சாலா சர்வகலாசாலையில் இங்கெல்மன் என்பவர் பீட் சாற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதில் வந்து சேர்ந்த டெக்ஸ்ட்ரானைக் கண்டபோது, அவருக்கும் அவருடைய சகாவான கிரன்வால் என்ற வைத்தியருக்கும் ஒரு யோசனை உதித்தது. காயம்பட்டு ரத்தம் இழந்தவன் சாவது பல சமயங்களில் ரத்தத்தின் சிவப்பணுக்கள் போனதால் மட்டுமன்று. குழாய்களில் ஓட வேண்டிய நீரின் அளவே குறைந்துவிடுவதால். வெறும் உப்பு நீரை ஏற்றினால் அது விரைவில் கசிந்து போய்விடும். நீரைப் பிடித்து நிறுத்தப் பெரிய மூலக்கூறு ஒன்று வேண்டும். நம் ரத்தத்தில் அவ்வேலையைச் செய்யும் ஆல்புமினின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 66,000. கிருமி கட்டும் டெக்ஸ்ட்ரானோ கோடிக்கணக்கில் நிறையுள்ளது. அதை அப்படியே ஏற்ற முடியாது. அமிலத்தால் சங்கிலியைத் துண்டித்து, சாராயத்தால் தரம் பிரித்து, 70,000 எடையை ஒட்டிய துண்டுகளை மட்டும் எடுத்து, நூற்றுக்கு ஆறு பங்காக நீரில் கரைத்தார்கள். 1947-இல் அது மாக்ரோடெக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சர்க்கரை ஆலையின் சாக்கடைப் பொருள் சீசாவில் ஏறி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது.

அமெரிக்கர்கள் பின்தங்கவில்லை. இல்லினாய் மாகாணத்துப் பியோரியா நகரில் அத்தேசத்து விவசாய இலாகாவுக்குச் சொந்தமான ஆராய்ச்சிச் சாலை ஒன்று உண்டு. பெனிஸிலினைப் பெருமளவில் வளர்க்க வழி கண்ட புகழ் அதற்கு ஏற்கெனவே இருந்தது. அங்கே அலீன் ஜீன்ஸ் என்ற பெண்மணி டெக்ஸ்ட்ரானை ஆராய்ந்தார். அவருக்கு உதவிய கிருமி எங்கிருந்து வந்தது தெரியுமா? ரூட் பியர் என்னும் மதுவற்ற பானம் புட்டியில் கொழகொழத்துப் போய்விட்டதென்று வந்த புகாரிலிருந்து! புகார் வந்த புட்டியைக் குப்பையில் எறியாமல் அதிலிருந்த உயிரைப் பிரித்தெடுத்து, பி-512 என்று எண்ணிட்டு வைத்துக்கொண்டார்கள். கொரியா யுத்தத்தில் காயமடைந்தவர்களுக்கு டெக்ஸ்ட்ரான் தேவைப்பட்டபோது அவ்வுயிர் ஆயத்தமாக இருந்தது. 1954-இல் 96 வகைப் பாக்டீரியாக்களின் டெக்ஸ்ட்ரான்களை ஒப்பிட்டு அந்த அம்மையாரும் அவர் கூட்டத்தாரும் வெளியிட்ட கட்டுரை இன்றும் மேற்கோளாக எடுக்கப்படுகிறது. 1953-இல் அவ்விலாகாவின் சிறப்புச் சேவைப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

ஒன்றை உயர்த்திப் பேசும்போது அதன் குறையை மறைப்பது பத்திரிகைக்கு அழகன்று. டெக்ஸ்ட்ரான் ஏற்றப்பட்ட நோயாளிகள் சிலருக்கு உடல் அதை ஏற்காமல் கடுமையான அதிர்ச்சி உண்டாயிற்று. சிலருக்கு ரத்தம் உறைவது தடைப்பட்டது; சிலருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டது. இக்காரணங்களால் ரத்தத்துக்குப் பதிலாக அதை ஏற்றும் வழக்கம் இன்று பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் அதனோடு அதன் பயன் முடியவில்லை. இரும்புச் சத்தை டெக்ஸ்ட்ரானோடு பிணைத்து ஊசியாகப் போடுகிறார்கள். கண் வறட்சிக்கு இடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் அது சேர்கிறது. 1959-இல் உப்சாலாவைச் சேர்ந்த போராத், பிளோடின் என்ற இருவர் டெக்ஸ்ட்ரான் சங்கிலிகளைக் குறுக்கே பின்னிச் சிறுமணிகளாக்கி, மூலக்கூறுகளைச் சலிக்கும் சல்லடை ஒன்றைச் செய்தார்கள். ஸெபடெக்ஸ் என்ற அச்சல்லடை புரதங்களைப் பிரித்தெடுக்கும் சாலைகளிலெல்லாம் பரவிற்று. ஆலைக்காரன் வடிகட்டியை அடைத்த கோந்து விஞ்ஞானியின் வடிகட்டியாகவே மாறியதை நினைக்கும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது.

பியோரியாவின் கைராசி இதோடு நிற்கவில்லை. முட்டைக்கோசின் இலைநரம்பைக் கருக்கும் நோயொன்று உண்டு. அந்நோயை உண்டாக்கும் ஸாந்தோமோனாஸ் என்ற கிருமியும் கோந்து சுரக்கிறது. அதையும் ஜீன்ஸ் அம்மையார் முதலானோர் ஆராய்ந்தார்கள். அதன் பெயர் ஸாந்தன். அதன் குணம் விசித்திரமானது. அசையாமல் வைத்தால் கெட்டியாக நிற்கும்; குலுக்கினாலோ கலக்கினாலோ இளகி ஓடும்; விட்டவுடன் மறுபடியும் கெட்டியாகும். உப்புக்கும் புளிப்புக்கும் சூட்டுக்கும் எளிதில் அஞ்சாது. ஆகையால் சிறிதளவு சேர்த்தாலே குழம்புகளும் பற்பசையும் பிரியாமல் நிற்கின்றன. பூமியைத் துளைத்து எண்ணெய் எடுக்கும் இடங்களில் துளைக்கும் சேற்றிலும் அதைக் கலக்கிறார்கள். 1969-இல் அமெரிக்க சர்க்கார் அதை உணவில் சேர்க்க அனுமதித்தனர். இன்று நம் பட்டணங்களில் விற்கும் சாஸ் புட்டியின் சீட்டைப் பார்த்தால் 415 என்ற எண் பெரும்பாலும் காணப்படும், அது இதுவே. இப்போது இத்தொழிலில் முதலிடம் வகிப்பது சீனம். அதன் மலிவான சரக்குக்கு அஞ்சி அமெரிக்கா 2013-இல் தனித் தீர்வை விதித்தது என்றால் போட்டியின் வேகத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

ஜப்பானியர் புல்லுலான், கர்ட்லான் என்ற வேறிரு கோந்துகளைத் தொழிலாக்கினார்கள். முன்னதிலிருந்து மாத்திரை உறைகள் செய்யப்படுகின்றன. பிலிப்பைன்ஸ் தீவினரோ தேங்காய்த் தண்ணீரில் ஒருவகைப் பாக்டீரியாவை வளர்த்து, அது நெய்யும் வெண்மையான செல்லுலோஸ் ஏட்டைத் துண்டு போட்டுப் பாகில் ஊறவைத்து, நாட்டா டி கோகோ என்ற பெயரில் உலகெங்கும் விற்கிறார்கள். கொப்பரை உலர்த்தும் நம் ஊர்களில் அத்தண்ணீர் எங்கே போகிறதென்பதை நாம் எழுத வேண்டியதில்லை.

இவ்வரலாற்றை இவ்வளவு தூரம் எடுத்துரைத்தது பிறர் பெருமை பாடுவதற்கன்று. உப்சாலாவிலும் பியோரியாவிலும் நடந்ததில் மந்திரம் ஒன்றுமில்லை. கெட்டுப்போனதைக் கண்டவன் அதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவதற்கு ஓரிடம் இருந்தது. அங்கே அதை வாங்கி வைத்து ஆராயச் சம்பளம் பெறும் ஒருவர் இருந்தார். அவர் கண்டதைத் தொழிலாக்க முதல் போடத் துணிந்தவர் இருந்தார். நம்மிடம் நுண்ணுயிர்களைச் சேமித்து வைக்கும் நிலையங்கள் புனாவிலும் சண்டிகரிலும் உண்டு. சர்க்கரைத் தொழிலுக்கென்றே கான்பூரில் தேசிய நிலையம் உண்டு. ஆலை வாசலில் புளித்த கரும்பை முகரும் முதியவருக்கும் இந்நிலையங்களுக்கும் நடுவே பாதைதான் இல்லை. சர்க்கரை மிகுந்துவிட்டது, ஆகவே சாராயமாக்கிப் பெட்ரோலில் கலப்போம் என்று ஒரே வழியில் எல்லாரும் ஓடுகிறார்கள். கலக்கட்டும், அதை நாம் தடுக்கவில்லை. ஆனால் அதே சர்க்கரையைத் தின்று, எரித்துவிடும் பொருளுக்குப் பதிலாகப் பன்மடங்கு விலையுள்ள கோந்தைத் தரும் உயிர்கள் உண்டென்பதை மந்திரிமார்களுக்கு யார் சொல்வது?

பெரிய தொழில் ஒருபுறம் இருக்கட்டும். அதற்கு முதலும் காலமும் வேண்டும். வாசலில் நடக்கும் கொள்ளையை நிறுத்த அவ்வளவு வேண்டுவதில்லை. டெக்ஸ்ட்ரான் பெருகியபின் அதைத் துண்டிக்க டெக்ஸ்ட்ரனேஸ் என்ற என்ஸைமைச் சாற்றில் ஊற்றும் முறை இருக்கிறது. அது பாகை இளக்கும். ஆனால் போன சர்க்கரை திரும்பாது. களவு போனபின் பூட்டு வாங்குவதைப் போன்றதே அது. உண்மையான மருந்து மணிக்கணக்கில் இருக்கிறது. வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிட வேண்டுமென்று நிபுணர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். ஆள் பற்றாக்குறையால் இப்போது அறுவடை இயந்திரங்கள் வயலுக்குள் நுழைகின்றன. அவை கரும்பைச் சாண் சாணாய்த் துண்டித்துப் போடுகின்றன. முழுக்கழிக்கு வெட்டுவாய் இரண்டு. துண்டித்த கழிக்கோ அதைப்போல் பல மடங்கு. மூன்றாமவனுக்கு அத்தனை வாசல்கள் புதிதாகத் திறக்கப்படுகின்றன. ஆஸ்திரேலியாவில் இயந்திர வெட்டுப் பரவிய காலத்தில் இத்தொல்லை பெரிதாகக் கிளம்பிற்று. வெட்டுக்கும் அரவைக்கும் இடையிலுள்ள நேரத்தைச் சுருக்குவதே முதல் வழியென்று அங்கே கண்டார்கள். நாம் இயந்திரத்தை மட்டும் வாங்கிவிட்டுக் கடிகாரத்தை வாங்காமல் விட்டால், கையால் வெட்டிய காலத்தில் மூன்று நாளில் இழந்ததை ஒரே நாளில் இழப்போம்.

ஆலை நிர்வாகிகள் சிலரிடம் இதைப் பேசியபோது அவர்கள் சொன்ன சமாதானம் ஒன்றே: விவசாயிகள் கூலியாட்கள் கிடைக்கும் நாளில் முந்திக்கொண்டு வெட்டிவிடுகிறார்கள், நாங்கள் என்ன செய்வோம் என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. வெட்டுக் கூட்டத்தார் வரும் நாளைத் தவறவிட்டவன் மறுபடி அவர்களைக் காண ஒரு மாதமாகும் என்ற பயத்தில்தான் அவன் வெட்டுகிறான். ஆனால் வெட்டு உத்தரவு கொடுப்பது யார்? ஒரே நாளில் ஆலை அரைக்கக்கூடியதற்கு மேலாக உத்தரவுகளை எழுதி, உருளை ஒரு நிமிஷமும் வெறுமனே சுற்றாதபடி வாசலில் எப்போதும் கூட்டத்தை நிறுத்தி வைப்பது யாருக்கு வசதி? ஒரு மணி நேரம் அரவை நின்றால் எவ்வளவு நஷ்டம் என்பதை நிர்வாகிகள் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் கரும்பு நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று கேட்டால், மேலே சொன்ன "காரணம் தெரியாத" பத்தியைத்தான் காட்டுகிறார்கள்.

1966-ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவு, கரும்பு பெற்ற 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டுமென்றும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவிகிதம் வட்டி சேருமென்றும் விதித்திருக்கிறது. அவ்விதி எவ்வளவு தூரம் நடக்கிறதென்பது வேறு கதை. பணத்துக்கு நாளைக் குறித்தவர்கள் கரும்புக்கு மணியைக் குறிக்க வேண்டும். வெட்டு உத்தரவில் நேரம் எழுதப்படட்டும். வாசலுக்கு வண்டி வந்த நேரமும், எடை போட்ட நேரமும், அரவைக்குச் சென்ற நேரமும் ரசீதில் பதியட்டும். இப்போது எடைமேடைகளெல்லாம் கம்ப்யூட்டரில் ஓடுகின்றன; இரண்டு வரி கூட அச்சடிப்பதில் சிரமம் இல்லை. வாசலுக்கு வந்து குறித்த மணிக்கு மேல் காத்திருந்தால், வந்த நேரத்து எடையே எடையாகக் கொள்ளப்பட வேண்டும். சாற்றில் டெக்ஸ்ட்ரான் எவ்வளவு என்பதை ஆலைகள் வாரந்தோறும் சோதித்து, பிழிதிறனை அறிவிக்கும் பலகையிலேயே அதையும் அறிவிக்க வேண்டும். அச்சோதனையை விவசாயியைத் தண்டிக்கும் கருவியாக்கிவிடக் கூடாதென்பதையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம். கழியில் கோந்து இருந்ததென்று காட்டி விலையைப் பிடிப்பதற்கு முன்னால், அக்கழி யாருடைய வாசலில் எத்தனை மணி நேரம் நின்றதென்ற கேள்விக்குப் பதில் வந்தாக வேண்டும். மேற்சொன்ன நேரப் பதிவில்லாமல் இச்சோதனையை ஏற்க விவசாயிகள் இணங்கவும் வேண்டுவதில்லை.

அரவை தொடங்குமுன் விவசாயிகளும் ஆலையாரும் சர்க்கார் அதிகாரிகளும் கூடும் முத்தரப்புக் கூட்டங்கள் ஜில்லாதோறும் வருகின்றன. விலையைப் பற்றியும் நிலுவையைப் பற்றியும் அங்கே பேசப்போகிற சங்கத்தார், ரசீதில் நேரம் என்ற இச்சிறு கோரிக்கையையும் தங்கள் மனுவில் முதல் பக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். எந்த ஆலை அதற்கு முதலில் இசைகிறதோ அதன் பெயரை இப்பத்தியில் மகிழ்ச்சியோடு வெளியிடுவோம். மறுக்கும் ஆலைகள் சொல்லும் காரணங்களையும் அப்படியே வெளியிடுவோம்.